கையேட்டை எழுதியவரின் தகுதி



1986 மார்ச் மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்றொரு ஊர். அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவியின் திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று ஓர் அறிவிப்பு வந்தது. கருவியை இயக்கிக்கொண்டிருந்த பெண்மணிக்கு அதன் பொருள் தெரியாது. பயனர் கையேட்டில் அந்த எண்ணுக்கு விளக்கம் கிடையாது. உற்பத்தியாளர் கொடுத்திருந்த வேறொரு தாளில் 'டோஸ் இன்புட் 2' பிழை என்று மட்டும் இருந்தது. செலுத்திய கதிர்வீச்சு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ போயிருக்கலாம் என்பதே அதன் பொருள் என்று பிற்பாடுதான் தெரியவந்தது. அந்தக் கருவி ஏதாவது ஒரு பிழை எண்ணைக் காட்டி அடிக்கடி நிற்கும். நின்றால் 'பி' என்ற விசையை அழுத்துவார்கள், மறுபடி ஓடும். அன்றைக்குத் திரையில் கதிர்வீச்சு குறைவாகப் போனதாகவே எண்கள் காட்டின. அவர் 'பி'யை அழுத்தினார். முதல் தடவையே அளவுக்கு மீறி வாங்கியிருந்த நோயாளியின் மேல் கருவி மறுபடியும் இயங்கியது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார். ஏப்ரலில் அதே மருத்துவமனை, அதே எண், இன்னொரு நோயாளி. அவர் மூன்று வாரம்கூட இருக்கவில்லை. 1985 முதல் 1987 வரை இந்தக் கருவியால் 6 பேர் இப்படி அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் இந்த விபத்துகளை ஆராய்ந்து 1993-ல் எழுதிய கட்டுரையை இன்றும் மென்பொருள் மாணவர்கள் படிக்கிறார்கள். மூல காரணம் மென்பொருள் பிழையும், பழைய கருவிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்புகளை எடுத்துவிட்டதும்தான். கையேடு சரியாக இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அறையில் கையேட்டுக்கு ஒரு வேலை இருந்தது. 'இந்த எண் வந்தால் தொடராதே, இயற்பியலாளரைக் கூப்பிடு' என்று ஒரு வரி இருந்திருந்தால், கருவியின் முன்னால் இருந்தவருக்கு முடிவெடுக்க ஒரு பிடி கிடைத்திருக்கும். சிகிச்சையைத் தீர்மானித்த மருத்துவருக்கு உரிமம் தேவை. கருவிக்கு அரசு அமைப்பின் கண்காணிப்பு இருந்தது. கையேட்டை எழுதியவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே அன்று இல்லை. பெரும்பாலான நாடுகளில் இன்றும் இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று இந்தக் கல்லூரியில் பேச வந்திருக்கிறேன்.

தொழில்நுட்பத் தகவல்தொடர்பு என்று ஏட்டில் சொல்லப்படுவதைச் சென்னையில் 'டெக்னிக்கல் ரைட்டிங்' என்போம். கருவிக் கையேடு, மென்பொருள் உதவிப் பக்கங்கள், பழுதுநீக்கும் வழிமுறைகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், எல்லாம் இதில் அடங்கும். 1949-ல் பைனாக் என்ற கணினிக்கு ஜோசப் சாப்லைன் எழுதிய கையேட்டைத்தான் கணினிக் கையேடுகளில் முதலாவது என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெருகிய கருவிகள் இந்த வேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்தன. 1953-ல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இவர்களுடைய சங்கங்கள் தோன்றின. அவை ஒன்றோடொன்று இணைந்து, பெயர் மாறி, 1971-ல் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் ஆயின. இனி அதை எஸ்.டி.சி. என்றே சொல்கிறேன். பிரிட்டனில் 1972-லும் ஜெர்மனியில் 1978-லும் இதே போன்ற அமைப்புகள் வந்தன. ஜெர்மானிய அமைப்பின் பெயர் டெக்காம்.

சங்கம் வைத்துக்கொள்வது எளிதாக நடந்தது. 'இவர் இந்த வேலைக்குத் தகுதியானவர்' என்று அந்தச் சங்கம் சான்று கொடுக்கலாமா என்பதில்தான் பல பத்தாண்டுகள் சண்டை. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சால் கார்லைனர் 2012-ல் எழுதிய கட்டுரையில் இத்தொழிலில் இருப்பவர்களை மூன்று மனப்போக்குகளாகப் பிரித்துக் காட்டினார். பட்டம், சான்று, சங்கம் என முறையான தொழிலாக இதை வளர்க்க விரும்புவோர் ஒரு பக்கம். சங்கத்துக்கு வருவார்கள், பேசுவார்கள், ஆனால் சான்று என்றால் தயங்குவார்கள், இது இரண்டாவது வகை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், தகுதிச் சுவர் எதற்கு என்பவர்கள் மூன்றாவது. சென்னையில் என்னோடு வேலை பார்த்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாவது வகையில்தான் வருவார்கள்.

அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழைக் கேட்பதில்லை. முன்பெல்லாம் நேர்காணலில் ஃப்ரேம்மேக்கர் தெரியுமா, ரோபோஹெல்ப் தெரியுமா என்பார்கள். இன்றைக்கு மேட்கேப் ஃபிளேர், ஆக்சிஜன், டிட்டா, கிட். எழுதத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே கருவி தெரியுமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. பயிற்சி நிலையங்களும் அதற்கேற்ப மென்பொருளைச் சொல்லிக் கொடுத்து, முடிவில் ஒரு தாளைக் கையில் தருகின்றன. அந்தத் தாள் வகுப்புக்கு வந்ததற்குச் சாட்சி. வேலை தெரியும் என்பதற்குச் சாட்சி வேறு. அதை, பாடம் நடத்தாத ஒருவர், சக தொழிலாளியின் கண்ணோடு பார்த்துச் சொல்லவேண்டும். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால்தான் சான்று என்ற சொல்லைக் கேட்டாலே அனுபவசாலிகள் முகம் சுளிக்கிறார்கள்.

சரி, இந்தத் தொழிலில் சோதித்துப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மொழி தெரிந்தவர் எவரும் எழுதிவிட முடியாதா? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத பகுதி இதுதான்.

எச்சரிக்கை எந்த இடத்தில் வரவேண்டும் என்பது ஓர் அறிவு. 'மூடியைத் திறக்கவும். திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்' என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆனால் முதல் வாக்கியத்தைப் படித்ததுமே ஒருவர் திறந்துவிடுவார். கருவியின் முன்னால் நிற்பவர் ஒரு வரி படிப்பார், ஒரு வேலை செய்வார், அடுத்த வரிக்கு வருவார். பத்தி முழுவதையும் படித்துவிட்டுத் தொடங்குபவர் அபூர்வம். ஒரு படிக்கு ஒரு செயல் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. ஒரு பக்கத்தில் 'வால்வு', அடுத்த பக்கத்தில் 'அடைப்பான்', படத்தில் 'திறவுகோல்' என்று ஒரே பாகத்துக்கு மூன்று பெயர் வைத்தால், கதைக்கு அழகாக இருக்கும், கையேட்டில் ஆள் தடுமாறுவார். செயலைச் சொன்னபின் என்ன தெரியவேண்டும் என்றும் சொல்லவேண்டும்: பச்சை விளக்கு எரியும், அல்லது 'டக்' என்று சத்தம் வரும். அது வராவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதவேண்டும். விமானத் துறையில் 1980-களிலேயே இதையெல்லாம் தொகுத்துக் கட்டுப்பாட்டு ஆங்கிலம் ஒன்றை வகுத்தார்கள். இன்று அது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 எனப்படுகிறது. அதில் செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது, அனுமதித்த பொதுச் சொற்கள் ஏறக்குறைய 900. பராமரிப்புப் பணியில் இருப்பவரின் தாய்மொழி ஆங்கிலமாக இருக்கவேண்டியதில்லை என்பதை முன்வைத்து எழுந்த விதிகள் அவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுபவர் யாருக்காக எழுதுகிறார் என்று போய்ப் பார்க்கவேண்டும். பொறியாளர் கொடுத்த குறிப்பைத் திருத்தி அழகாக்குவதோடு வேலை முடிந்துவிடாது. பயன்படுத்துபவர் கையில் கையுறை இருக்குமா, வெளிச்சம் எப்படி, தாளைப் புரட்ட இன்னொரு கை இருக்குமா என்பதெல்லாம் தெரிந்தாகவேண்டும். எழுதியதை அவரிடம் கொடுத்து, அருகில் பேசாமல் நின்று, எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளவேண்டும். மொழி வளம் நிறைய உள்ளவர்களிடமே இந்தப் பழக்கம் இல்லாமல் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆக, கற்பிக்கவும் சோதிக்கவும் இந்தத் தொழிலில் நிறையவே இருக்கிறது.

தமிழ் மரபுக்கு இது அயலான சிந்தனை என்று எண்ணவேண்டாம். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூல் வகுத்த பட்டியலைக் கையேடு எழுதுவோருக்கு நான் முதல் வகுப்பிலேயே தருவதுண்டு. குன்றக்கூறலும் மயங்கவைத்தலும் மால்ஃபங்ஷன் 54-க்குப் பொருந்தாதா? பாயிரத்தில் சொல்லவேண்டியவை எட்டு என்ற இடத்தில் கேட்போர் யார், பயன் என்ன என்பவையும் இடம்பெறுகின்றன. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த சிறப்புப்பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைப் பதிவு செய்கிறது. நூலைச் செய்தவர் எதிரே நிற்க, கற்றுத் தேர்ந்த ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்டு, தெளிந்தபின் அவை ஏற்றது என்பதே உரையாசிரியர்கள் தரும் சித்திரம். நூலையே முன்னால் வைத்து நடந்த சோதனை அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க அனுபவத்துக்கு வருவோம்.

எஸ்.டி.சி. நீண்ட தயக்கத்துக்குப் பிறகு 2011-ல் சான்று வழங்கத் தொடங்கியது. அப்போது கேள்வித்தாள் கிடையாது. விண்ணப்பிப்பவர் தான் செய்த வேலைகளைத் தொகுத்து அனுப்பவேண்டும். ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கமும் எழுதவேண்டும். அனுபவமுள்ளவர்கள் அதைப் படித்து மதிப்பிடுவார்கள். என் பார்வையில் இதுவே சரியான வழி. ஆனால் அது நீடிக்கவில்லை. காரணம் கொள்கையில் இல்லை, நடைமுறையில் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு தொகுப்பைக் கவனமாகப் படிக்க மதிப்பீட்டாளருக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குப் பணம் வேண்டும், அதனால் கட்டணம் ஏறும். இன்னொன்று, நம்முடைய சிறந்த வேலை பெரும்பாலும் நம்முடையதாக இருப்பதில்லை. நிறுவனத்தின் உள் ஆவணம் அது. வெளியே காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம். பத்தாண்டு உழைத்தவரிடம் காட்டுவதற்கு ஒரு பக்கம்கூட இருக்காது.

2016-ல் அதே சான்று வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. இம்முறை தேர்வு. ஏபிஎம்ஜி என்ற பன்னாட்டுத் தேர்வு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார்கள். சி.பி.டி.சி. என்பது சான்றின் சுருக்கப் பெயர். அடிப்படை நிலைத் தேர்வுக்கு ஒரு பாடநூல், ரிச்சர்ட் ஜான்சன்-ஷீஹன் எழுதியது. திட்டமிடல், பகுப்பாய்வு, உள்ளடக்க உருவாக்கம், அமைப்பு, எழுத்து, காட்சி, திருத்தம், உள்ளடக்க மேலாண்மை, தயாரிப்பும் வெளியீடும் என்று 9 திறன் பகுதிகள். அதற்கு மேலும் நிலைகள் வகுக்கப்பட்டன. இந்தியாவில் இருந்தபடியே எழுதிவிடக்கூடிய தேர்வு என்பதால் நம் ஊர்களிலும் ஆர்வம் பிறந்தது.

இந்தத் தேர்வை எப்படி மதிப்பிடுவது? எழுத்து வேலைக்கு, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வித்தாளா என்று சிரித்தவர்கள் உண்டு. நான் அவர்களோடு முழுதாக உடன்படமாட்டேன். கரூரிலோ திருநெல்வேலியிலோ ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கல்லூரிப் பெயர் அவருக்குத் துணை நிற்காது. பிள்ளை பெற்றுச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடுபவரையும் நினையுங்கள். இவர்களுக்கு, தொழிலின் பரப்பு இவ்வளவு, அதில் இன்னின்ன பகுதி எனக்குத் தெரியும் என்று காட்ட ஒரு பொது அளவுகோல் கிடைத்தது. தன்னந்தனியாக எழுதிப் பழகியவர்களுக்கும், தாம் ஊகித்துச் செய்தவற்றுக்குப் பெயரும் முறையும் உண்டு என்று தெரிந்தது. கேள்வி நன்றாக அமைந்தால் தெரிவு விடையிலும் தீர்ப்புத் திறனைச் சோதிக்கலாம். உயிரியல் அறிவியல் நூல்களைத் திருத்தும் பதிப்பாசிரியர்களுக்காக 1991-ல் தொடங்கிய பெல்ஸ் அமைப்பு அப்படிப்பட்ட ஒரு தேர்வைத்தான் இன்றளவும் நடத்துகிறது. தொழில் உலகில் அதற்கு நல்ல மதிப்பு.

ஆயினும் பாடநூலை ஒட்டிய அடிப்படைத் தேர்வு ஒருவரின் எழுத்தைப் படிக்கவில்லை. எச்சரிக்கை செயலுக்கு முன் வரவேண்டும் என்ற விடையைச் சரியாகக் குறித்தவர், நாளைக்குத் தன் கையேட்டில் அதைப் பின்னால் போடலாம். ஆகவே அந்தச் சான்றை நான் தரைமட்டம் என்பேன். இதற்குக் கீழே போகமாட்டார் என்று ஓரளவு நம்பலாம், எவ்வளவு மேலே போவார் என்று அதிலிருந்து சொல்லமுடியாது.

2025 ஜனவரி 29 அன்று எஸ்.டி.சி. தன்னைக் கலைத்துவிடுவதாகவும் திவால் மனு கொடுக்கப்போவதாகவும் அறிவித்தது. எழுபது ஆண்டு மரபு. உறுப்பினர் குறைவு, பணமுடை. செய்தியைப் படித்த அன்று எனக்கு வருத்தம்தான் மேலோங்கியது. என் தலைமுறைக்கு அந்தச் சங்கத்தின் இதழ்தான் ஆசிரியராக இருந்தது. பெயருக்குப் பின்னால் சி.பி.டி.சி. என்று போட்டுக்கொண்டவர்கள் மறுநாளே கேட்ட கேள்வி நியாயமானது: கொடுத்தவர் இல்லாமல் போனபின் சான்று என்னவாகும்? அவர்கள் கற்றது எங்கும் போகவில்லை. ஆனால் சான்று என்பது ஓர் அமைப்பு பதிவேட்டைத் திறந்து 'ஆம், இவர் எங்களிடம் தேறியவர்' என்று பதில் சொல்லும்வரைதான் சான்று. அதைப் புதுப்பிக்கவும், தவறு செய்தால் திரும்பப் பெறவும் ஆள் வேண்டும். சான்றின் மதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேர்வின் தரத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அதை வழங்கும் அமைப்பு எதன் மேல் நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

ஜெர்மனியில் டெக்காம் உறுதியாக நிற்பதற்குக் காரணம் ஜெர்மானியர்களின் ஒழுங்கு என்று சிலர் சொல்வார்கள். நான் சட்டத்தைச் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு இயந்திர ஆணையின்படி, இயந்திரத்தோடு பயன்பாட்டு அறிவுறுத்தல் இருந்தாகவேண்டும், அதுவும் விற்கப்படும் நாட்டின் அலுவல் மொழியில். அதன் இடத்துக்கு வரும் புதிய ஒழுங்குமுறை 2027 ஜனவரியிலிருந்து நடைமுறையாகிறது. அறிவுறுத்தலில் குறை இருந்து ஒருவர் காயப்பட்டால் பொருளே குறையுள்ளது என்று உற்பத்தியாளர் நீதிமன்றத்தில் நிற்கவேண்டிவரும். ஜப்பானிலும் பொருள் பொறுப்புச் சட்டம் 1995-ல் நடைமுறைக்கு வந்தது. அங்கும் தொழில்நுட்பத் தகவல்தொடர்பாளர் சங்கம் திறன் தேர்வுகள் நடத்துகிறது. சட்டம் கேட்கும்போது நிறுவனம் தன் எழுத்தாளரின் தகுதியைக் காட்டவேண்டியிருக்கிறது, அப்போது சான்று வெறும் அலங்காரமாக இருப்பதில்லை.

பயன்பாட்டுத் தகவலைத் தயாரிப்பது பற்றி ஐஇசி, ஐட்ரிபிள்ஈ இரண்டும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட 82079-1 என்ற தரநிலை இங்கே முக்கியம். ஆவணம் எப்படி இருக்கவேண்டும் என்பதோடு, அதைத் தயாரிப்பவர்களுக்கு என்ன திறமை வேண்டும் என்பதையும் அது பேசுகிறது. உலகம் மெல்ல மெல்ல அந்தக் கேள்விக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது அடையாளம். டெக்காம் தன் பங்குக்கு ஒரு திறன் சட்டகத்தை வகுத்து, விண்ணப்பிப்பவரின் அனுபவத்தில் எங்கே இடைவெளி என்று முதலில் ஆராய்ந்து, பிறகு பயிற்சி, பிறகு தேர்வு என்று போகிறது. எழுதி வந்தவரின் அனுபவத்தை மதித்துத் தொடங்கும் இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவில் பூச்சிக்கொல்லி விதிகள் 1971-லிருந்து இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தாள் வைக்கவேண்டும், அது இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருக்கவேண்டும் என்பது விதி. நச்சுத்தன்மைக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிறக் குறியும் உண்டு. தாளில் என்ன சொல்லலாம் என்பதை மத்தியப் பதிவுக் குழு ஒப்புக்கொள்ளவேண்டும். பூச்சிமருந்து விற்பவருக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்றும் பிற்பாடு விதி வந்தது. உரக்கடைக்காரர்களுக்காக ஐதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் 2003-லிருந்து ஓராண்டுப் பட்டயப் படிப்பே நடத்துகிறது. நல்ல முயற்சி அது. விற்பவருக்குத் தகுதி கேட்கும் நாடு, அந்தத் தாளைத் தமிழில் எழுதுபவருக்கு என்ன தகுதி என்று கேட்கவில்லை.

கேட்காததன் விளைவை அந்தத் தாளிலேயே பார்க்கலாம். எழுத்து எறும்பு அளவு. அளவுகள் எக்டருக்கு இவ்வளவு மில்லி, இவ்வளவு லிட்டர் தண்ணீர் என்று இருக்கும். வயலில் மருந்து அடிப்பவர் எக்டரில் நினைப்பதில்லை, ஏக்கரிலும் குழியிலும் மாவிலும் நினைப்பார். அதைவிட முக்கியம், முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானை வைத்துக்கொண்டு 'ஒரு டேங்குக்கு எவ்வளவு?' என்றுதான் அவர் கேட்பார். எக்டருக்கு 500 மில்லி, 500 லிட்டர் தண்ணீர் என்றால் 16 லிட்டர் டேங்குக்கு 16 மில்லி. இந்தக் கணக்கைக் காலை வெயிலில், வரப்பில் நின்றுகொண்டு அவர் போடவேண்டும் என்று தாள் எதிர்பார்க்கிறது. கணக்கு வராதபோது கடைக்காரர் சொன்னதோ பக்கத்து வயல்காரர் சொன்னதோ அளவாகிறது. பெரும்பாலும் மூடியில் ஊற்றுவார்கள், கொஞ்சம் கூடவே ஊற்றுவார்கள். 'ஒரு டேங்குக்கு 16 மில்லி' என்று ஒரு வரி எழுத எழுதுபவர் ஒரே ஒருநாள் வயலுக்குப் போயிருந்தால் போதும். சற்று முன்னால் சட்டங்களையும் தரநிலைகளையும் சொல்லிக்கொண்டு போனேனே, அவை எல்லாம் யாருக்காக என்றால் இந்த மனிதருக்காக.

வேறு தொழில்களில் வாடிக்கையாளர் ஓரளவுக்குச் சோதித்துப் பார்த்து வாங்கலாம். கையேட்டை நம்புகிறவரால் அது முடியாது. அதில் தவறு இருப்பது அவருக்குத் தெரியவரும்போது கை ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருக்கும். ஆகவே அவர் சார்பில் முன்கூட்டியே யாராவது சோதித்திருக்கவேண்டும். சான்றின் மதிப்பை நாம் இதுவரை சம்பளத்திலும் பதவியிலும் அளந்து பழகிவிட்டோம். அவையும் வேண்டியவைதான், எழுதுகிறவரும் குடும்பம் நடத்தவேண்டும். ஆனால் சம்பளத்தை வைத்து மட்டும் சான்றுக்கு வாதாடினால், சந்தை சோர்ந்த ஆண்டில் அந்த வாதம் தோற்றுப்போகும். படிப்பவரின் பாதுகாப்பை வைத்து வாதாடினால் அது எந்த ஆண்டிலும் நிற்கும்.

இப்போது இயந்திரமே வரைவு எழுதித் தருகிறதே, இனி எழுத்தாளருக்குச் சான்று எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வரைவு சரளமாக இருக்கும், உண்மை. வால்வை எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று போய்த் திருகிப் பார்த்தது யார்? 'இதைச் சோதித்தேன், இதற்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்திடப்போவது யார்? சரளமான தவறு திக்கித் திணறும் தவறைவிட ஆபத்தானது, யாருக்கும் ஐயம் வராது. கையெழுத்திடுபவரின் தகுதி முன்பைவிட இப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அதனால் இந்தக் கல்லூரிக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். தமிழில் பயன்பாட்டு அறிவுறுத்தல் எழுதுவோருக்கு ஒரு சான்றுத் தேர்வை இங்கே தொடங்குங்கள். 2011-ன் நோக்கத்தையும் 2016-ன் நடைமுறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பிப்பவரிடம் நிறுவன ஆவணம் எதையும் கேட்கவேண்டாம். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள், ஒரு வாரம் அவகாசம் தாருங்கள், அதற்கு அறிவுறுத்தல் எழுதிவரச் சொல்லுங்கள். எழுதிவந்ததை அந்தப் பொருளை இதுவரை தொடாத, ஆனால் நாளை தொடப்போகிற இருவரிடம் கொடுங்கள். அவர்கள் யாரையும் கேட்காமல் செய்து முடிக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு எழுதியவரை உட்காரவைத்து, இந்த வரியை ஏன் இங்கே வைத்தாய், இந்தப் படம் ஏன், இதை ஏன் விட்டாய் என்று கேளுங்கள். தமிழ்த்துறையிலிருந்து ஒருவர், பொறியியலிலிருந்து ஒருவர், தொழிலிலிருந்து ஒருவர் கேட்டால் போதும்.

தேறியவர்களின் பெயரைப் பொதுப் பதிவேட்டில் போடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய வேலை ஒன்றைக் காட்டிப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டின் ஒரு படி வேறு இரண்டு கல்லூரிகளிலும் இருக்கட்டும், ஓர் அமைப்பு நொடித்தால் மற்றது பதில் சொல்லும். கட்டணம் எவ்வளவு என்பதை இன்று முடிவு செய்யவேண்டியதில்லை, மதிப்பீட்டாளருக்கு நியாயமான ஊதியம் தரமுடியாத அளவுக்குக் குறைவாக மட்டும் வைக்காதீர்கள். அந்தத் தவறு பல நல்ல முயற்சிகளைக் கொன்றிருக்கிறது.

முதல் ஆண்டுத் தேர்வுப் பொருளாகக் கைத்தெளிப்பானையே வைக்கலாம் என்பது என் விருப்பம். மருந்துக்குப் பதில் சாயம் கலந்த தண்ணீர் போதும். பக்கத்துக் கிராமங்களிலிருந்து மருந்து அடிக்கும் வேலைக்குப் போகிறவர்களை, ஒருநாள் கூலியும் சாப்பாடும் கொடுத்து அழைத்துவாருங்கள். பெண்களும் இருக்கவேண்டும், களைக்கொல்லி அடிக்கும் வேலையில் அவர்களும் இருக்கிறார்கள். தாளைப் படித்து அவர்கள் டேங்கில் ஊற்றும் அளவை நாம் அளந்துகொள்வோம். இதற்கான பாடத்திட்ட வரைவை எழுதி எடுத்துவந்திருக்கிறேன். துறைத்தலைவரிடம் இப்போது ஒப்படைக்கிறேன். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் இசைந்தால் வரும் ஆண்டின் நிதியில் ஒரு பகுதியை மதிப்பீட்டாளர் ஊதியத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களில் இதில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகில் வாருங்கள், பெயர்களைக் குறித்துக்கொள்கிறேன்.